பிள்ளை கையில் பூ கேட்காதீர்கள்

கூட்டாளிகளே, முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து சில இடத்தில் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே எந்த எழுத்து வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாமே என்பீர்கள். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். உங்களில் கண்ணாடி போட்டவர் யாராவது உரக்கப் படியுங்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்க்காமல் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனேன். "அவனுக்கு இன்னாடா கோவம்?" என்று நீங்கள் பின்னால் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். கோபம்தான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நம்ம குப்பத்துப் பையன் ஒருத்தன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. உடம்பு கிடைக்கவில்லை. அவன் பெண்டாட்டி ஏரியில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஏரி எடுத்துக்கொண்டவனின் பெண்டாட்டி, காரியம் முடிகிற வரைக்கும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். உடம்பு இல்லாமல் காரியம் செய்யலாமா கூடாதா என்று அம்மனிடம் பூ கேட்போம் என்றீர்கள். அவர்கள் மகளையே பூ எடுக்கச் சொல்லலாம், சின்னப் பிள்ளை, கள்ளம் தெரியாத கை என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். அப்போதுதான் எழுந்தேன்.

கள்ளம் தெரியாத கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். நைனாவும் அம்மாவும் எறா தடவுகிறவர்கள். பட்டணத்தில் இறால் என்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, அடிச் சேற்றைக் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பம். பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் சின்னப் பையன்களுக்காக எழுதுகிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, சேற்றுக்குள் எறா விரலில் முட்டும்போது எப்படி இருக்கும் என்று தெரியாது. கண் இமை துடிப்பது மாதிரி இருக்கும். அவ்வளவு மெல்லியது. அம்மா என்னைத் தண்ணீரில் நடக்கவிட்டு, நான் மிதித்த பள்ளத்தில் கையை விடுவாள். எறா காலடிப் பள்ளத்தில் வந்து ஒதுங்கும். "நீ நடந்தா போதும்டா, எறா தானா வரும்" என்பாள். பல்லில் பறி இருப்பதால் அது பாதிதான் காதில் விழும்.

அந்த வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. ஏரி நிரம்பி, கைக்கு எட்டாத ஆழம் ஆகிவிட்டது. தடவுகிறவர்களுக்கு அது பட்டினிக் காலம். முகத்துவாரத்தில் வலை இழுக்க ஆள் வேண்டும் என்று ஒரு படகுக்காரர் கூப்பிட்டார். நைனா போனார். ஏரித் தண்ணீர் முழுக்கக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் மணல்திட்டில் ஏறிவிட்டார்கள். நைனா ஏறவில்லை.

அவருடைய சோப்பு டப்பா மட்டும் கரை ஒதுங்கியது. ரோஸ் கலர் டப்பா. உள்ளே பீடியும் தீப்பெட்டியும். வாயை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். அம்மா அதைப் பிரித்து ஒரு குச்சியை உரசினாள். பற்றிக்கொண்டது. அது எரிந்து விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த டப்பா பின்னால் சுனாமியில் போய்விட்டது.

சுண்ணாம்புக்குளம் வரைக்கும், அதைத் தாண்டி ஆந்திராக் கரை வரைக்கும் ஆள் போய்ப் பார்த்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

நைனாவின் அண்ணன்தான் அம்மன் கோயில் பூசாரி. எனக்குப் பெரிய நைனா. அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக்குத் தன் வீட்டு அரிசியில் பாதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போவார். தம்பி பெண்டாட்டி அவர் எதிரில் வரமாட்டாள், நேரில் பேசவும் மாட்டாள். சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். "உங்க பெரிய நைனா கிட்ட சொல்லு, காரியத்துக்கு நாள் பாக்கணும்னு." அவரும் என்னைப் பார்த்தே பதில் சொல்வார். ஒரே வீட்டுக்குள் நின்று இரண்டு பெரியவர்கள் என் தலைக்கு மேல் பேசிக்கொண்டார்கள்.

"உங்க அம்மா கிட்ட சொல்லுடா. உடம்பு இல்லாம காரியம் பண்றது வெளாட்டு இல்ல. உசுரோட கீறவனுக்குப் பண்ணிட்டா அது ஒரு பாவம். செத்தவனுக்குப் பண்ணாம வுட்டா அது ஒரு பாவம். நான் யாரு முடிவு பண்றதுக்கு? அம்மனே சொல்லட்டும்."

நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் தொல்லை.

காலையில் என்னைத் தலைக்கு ஊற்றி, ஈரத் துண்டோடு கோயில் முன்னால் உட்கார வைத்தார்கள். பூவரசு இலையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. வாழைநாரில் கட்டியிருந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பெரிய நைனா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி, அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். வெள்ளை வந்தால் காரியம் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

"எடுடா நைனா."

"எத எடுக்கணும்?"

"உனுக்கு எது தோணுதோ அது."

"எனுக்கு ஒண்ணும் தோணல."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். "அதான் வேணும். தோணாமயே எடு" என்றார் பெரிய நைனா.

ஒரு பொட்டலத்தின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இலையின் ஓரத்துக்கு வந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. தெய்வ சித்தம் என்று அத்தனை பேரும் பிறகு பேசியது அந்த எறும்பைத்தான்.

சிவப்பு.

பெரிய நைனா அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். நான் அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது, யாரிடம் தருவது என்று தெரியாமல் நின்றேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சிவப்பு என்றால் என்ன என்று உடனே இரண்டு கட்சி ஆனது. ஆள் உயிரோடு இருக்கிறான், ஆந்திராப் பக்கம் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறான், அதனால்தான் அம்மன் காரியம் வேண்டாம் என்கிறாள் என்றது ஒன்று. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சில நாள் அவருக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைத்தாள். மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றி எனக்குக் கொடுத்தாள். இன்னொரு கட்சி வேறு சொன்னது. ஆள் போனது போனதுதான், உயிர்தான் போய்ச் சேரவில்லை, அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாள், அது தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது, பெண்டாட்டி இறங்கினால் காலைக் கட்டும் என்றார்கள்.

நாளாக நாளாக இரண்டாவது கட்சி பெருத்தது. ஆள் திரும்பி வரவில்லை அல்லவா. அப்படியென்றால் அம்மன் ஏன் ஏற்கவில்லை? ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும். தேடினார்கள். கிடைத்தது.

முந்தின ஆடித் திருவிழாவில் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. நைனா போனார். யாருக்கும் தெரியாமல் விடியலில் இறங்கி ஒரு பறி எறா தடவி விற்றுவிட்டு வந்தார். எதற்குத் தெரியுமா? எனக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கிப்போட்டது. பழவேற்காட்டுக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டு மாத்திரை வாங்கினார். இதை ஒருத்தர் பார்த்திருக்கிறார். ஆடியில் பார்த்தவர் மார்கழியில் சொன்னார்.

கூட்டாளிகளே, இதைப் படிக்கிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தண்ணீரில் இறங்கியவனை அம்மன் நினைவு வைத்திருந்து, நாலு மாதம் பொறுத்திருந்து, கடலில் இழுத்துவிட்டு, பிறகும் மனம் ஆறாமல் அவன் உயிரைச் சேற்றில் நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று நம் ஊர் நம்பியது. நம் வீட்டு மனுஷன் ஒருத்தன் இப்படிச் செய்தால் அவனோடு பேசுவோமா? மனுஷனிடம் இருந்தால் நாம் சோறு தண்ணி கொடுக்காத குணத்தை, கற்பூரம் காட்டிக் கும்பிடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். இதில் அம்மனை அவமானப்படுத்தியது நைனாவா, ஊரா?

அப்போது எனக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். காய்ச்சல் என்னுடையது. பூ எடுத்த கையும் என்னுடையது.

மழை விட்டுத் தண்ணீர் இறங்கி, மற்ற பெண்கள் எல்லாம் தடவப் போனார்கள். அந்த வருஷம் எறாவுக்குக் குறையே இல்லை. அம்மா மட்டும் கரையில் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவருவதற்கு ஓடு உரித்துக் கொடுத்தாள். கூலி எறாத் தலைதான். தினமும் எங்கள் வீட்டில் தலை போட்ட சாறு. அதில் இருக்கும் கொம்பு குத்தி எனக்கு வாயெல்லாம் புண். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு நாக்கு எரியும்.

அம்மாவோடு ஒன்றாகத் தடவுகிற ஒருத்தி இருந்தாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நாக்கு பொல்லாதது. ஒருநாள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "ஏண்டி, உன் புருஷன் அந்தாண்ட எவளையாச்சும் சேத்துக்கினு ஜாலியா கீறான் போல. நீ இங்க குந்திக்கினு தல உரிச்சிக்கினு கீற" என்றாள்.

அம்மா தலையைத் தூக்காமல், "அப்பிடி இருந்தா நல்லதுதான். அவ சமைக்கிறதையாச்சும் துன்னுவாரு" என்றாள்.

அத்தை சிரிக்கவில்லை. தன் பறியிலிருந்து ஒரு கை எறாவை எடுத்து அம்மாவின் குவியலில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

எறா வாங்க வருகிற பாய் ஒருவர் இருந்தார். சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டி. அவர் எடை போடும்போது நான் பக்கத்தில் நிற்பேன். பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸ் தருவார், மீன் நாற்றத்தோடு. அவரிடம் கேட்டேன்.

"பாய், எங்க நைனா இப்ப எங்க கீறாரு?"

"ஆண்டவன் கிட்ட."

"இல்ல. செவப்புப் பூ வந்திச்சி."

அவர் தராசைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாதுப்பா. எங்க ஆளு கடல்ல போயிட்டா, உடம்பு கெடைக்காட்டியும் துவா செஞ்சு அனுப்பிடுவோம். நடுவுல நிக்க வெக்க மாட்டோம்." பிறகு சுற்றும் பார்த்துவிட்டு, "நான் இப்பிடி சொன்னேன்னு உங்க பெரிய நைனா கிட்ட போய் ஓதாத. நான் யாவாரம் பண்ற ஊரு" என்றார்.

அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாயின் ஆண்டவன் வாங்கிக்கொள்கிறான், நம் அம்மன் மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறாள்? ஏழு வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கேள்வி பாருங்கள். ஒரு பெரியவர்கூட என்னிடம் வந்து, இது உன்னுடைய கேள்வி இல்லையடா, நீ போய் விளையாடு என்று சொல்லவில்லை.

வலது கையால் எதையும் தொடாமல் இருக்கப் பழகினேன். சோறு இடது கையில் தின்றேன். பள்ளிக்கூடத்தில் பலப்பத்தையும் இடது கையில் பிடித்தேன். வாத்தியார் பிரம்பால் தட்டி, "கை மாத்துடா" என்றார். இந்தக் கை சாமி கை என்றேன். "அப்போ சாமியே வந்து வாய்ப்பாடு எழுதட்டும்" என்றார். வகுப்பே சிரித்தது. உங்களில் இரண்டு பேர் அங்கே இருந்தீர்கள். நீங்களும் சிரித்தீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் கையெழுத்து இப்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மா இதைக் கவனித்துவிட்டாள். சாறு ஊற்றிக்கொடுத்துவிட்டு, என் வலது கையைப் பிடித்துத் தட்டில் வைத்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, நான் இன்னொரு பொட்லத்த எடுத்திருந்தா நைனா போய்ச் சேந்திருப்பாரா?"

அடுப்பில் ஊதினாள். புகை கண்ணில் பட்டு, துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ எடுத்தது எலைய. உள்ள இன்னா கீதுன்னு நீயா வெச்ச?"

"சாமி வெச்சிதா?"

"உங்க பெரிய நைனா வெச்சாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கே அவள் மனதில் ஏதோ முடிவாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

தை அமாவாசையன்று மறுபடி பூ கேட்பது என்று முடிவானது. பெரிய நைனா ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டார். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மறுபடியும் குளிர்ந்த தண்ணீர், ஈரத் துண்டு, இரண்டு பொட்டலம். குலுக்கி உருட்டினார்.

"எடுடா நைனா."

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். "மாட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. என் முன்னால் குந்தி, என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நைனாவ நீதாண்டா கரை ஏத்தணும். வேற யாரு கீறா?" என்றார். கண்ணில் தண்ணீர்.

பிள்ளையிடம் பெரியவர்கள் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதைவிடக் கொடுமையான வார்த்தை எனக்குத் தெரியாது. அன்பாகத்தான் சொன்னார். என் கை தானாக வெளியே வந்தது.

அப்போதுதான் அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து நடந்து வந்தாள். என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அதுவரைக்கும் ஒரு வார்த்தைகூட நேரில் பேசியிராத மனுஷனைப் பார்த்து, முக்காட்டைக்கூட இழுத்துவிடாமல் பேசினாள்.

"புள்ள கைய வுடுங்க மாமா."

பெரிய நைனா திகைத்துப் போனார். பழக்கத்தில் என்னைப் பார்த்தே, "உங்க அம்மாள அந்தாண்ட போவச் சொல்லுடா" என்றார்.

"அவன் கிட்ட சொல்லாதீங்க. என்கிட்ட சொல்லுங்க. இப்பவும் செவப்பு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அடுத்த அமாவாசைக்குக் கேப்போம்."

"அப்பவும் செவப்பு வந்தா?"

"வராதும்மா. அவ ஒண்ணும் அவ்ளோ கொடுமக்காரி இல்ல."

"கொடுமக்காரி இல்லன்னு உங்களுக்கே தெரியுது. அப்பறம் எதுக்கு மாமா கேக்கறீங்க?"

பெரிய நைனா அம்மன் முகத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ, "ஏய், இன்னா இது, சந்நிதில நின்னுக்கினு" என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன தாலி அறுக்க வுடுங்கன்னு நானே வந்து கேக்கறேன். எந்தப் பொம்பளயாச்சும் இத வாய் வுட்டுக் கேப்பாளா? கேக்க வெச்சிட்டீங்களே."

குனிந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்தாள். இரண்டையும் பிரித்தாள். ஒன்றில் வெள்ளை. ஒன்றில் சிவப்பு.

இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவே இருந்தது, பூசாரி ஏமாற்றிவிட்டார், அதைத்தான் அவள் கண்டுபிடித்தாள் என்று பின்னாளில் ஒரு கதை கிளம்பியது. பொய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். யாரும் ஏமாற்றவில்லை. எல்லாரும் நேர்மையாக நடந்துகொண்டார்கள். ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் கோபம் இருந்திருக்காது. திருடன் என்று ஒருத்தரைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்லவர்கள் கூடி, குளித்து, விரதம் இருந்து, உண்மையான கண்ணீரோடு, ஒரு பெண்ணைப் பட்டினி போட்டார்கள். ஒரு பிள்ளையை அவன் அப்பனின் உயிருக்குப் பொறுப்பாக்கினார்கள். அதற்குக் கடவுள் என்று பெயர் வைத்தார்கள்.

அம்மா இரண்டு பூவையும் அம்மன் காலில் வைத்தாள். "ரெண்டும் உன்னுதுதான். நான் எறங்கப் போறேன். புடிக்கணும்னா என்ன புடிச்சிக்க. எம் புள்ளய கேக்காத" என்றாள். என்னைப் பெரிய நைனா பக்கத்திலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பறியை எடுத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்து நடந்தாள்.

ஊரே பின்னால் போனது. நானும் ஓடினேன். நல்ல வெயில். தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. கரையில் ஒரு வினாடி நின்றாள். இடது காலை வைத்தாள். பிறகு வலது கால். முழங்கால், இடுப்பு. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை மட்டும் தெரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

கரையில் நின்றவர்கள் ஏதாவது நடக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் தலை நகர்ந்தது. தோள் அசைந்தது. ஒரு கை மேலே வந்து பறிக்குள் போய்த் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அத்தைதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் போய் உட்கார்ந்து, "தனியா தடவாதடி. நண்டு கவ்வுனா கத்தறதுக்குக்கூட வாயில பறி கீது" என்றாள். கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததும் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள்.

பாய் எப்போதும்போல எடை போட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே பெரிய நைனா தர்ப்பையில் உருவம் செய்து, முகத்துவாரத்தில் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் விட்டு, காரியத்தை முடித்தார். கொள்ளி நான்தான் வைத்தேன். எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் அவர்தான். பிறகு ஊரில் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மன் பேசாம இருந்தா. பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்." ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு பாரு, பொட்டலத்தைப் பிரித்தவளைக்கூட மன்னித்துவிட்டாள் என்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அம்மா இறங்கிக் காட்டிய தைரியத்தையும் எடுத்து அம்மன் கணக்கில் போட்டுவிட்டார்கள். இவளுக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

சரி, அதுகூடப் போகட்டும். நான் மன்னிக்க முடியாதது வேறு ஒன்று இருக்கிறது.

அதற்குப் பிறகு அம்மா வயசாகிக் கை நடுங்குகிற வரைக்கும் எறா தடவினாள். நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் இறங்கும்போது, இடது காலைத் தண்ணீரில் வைத்துவிட்டு ஒரு மூச்சு நிற்பாள். பிறகுதான் வலது கால். முதலில் பழக்கம் என்று நினைத்தேன். குளிர் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நானும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள்தான் புரிந்தது. காத்திருக்கிறாள். ஏதாவது காலைக் கட்டுகிறதா என்று பார்க்கிறாள். ஊருக்கு முன்னால் அவ்வளவு பேசியவள், தன் புருஷன் தன் காலைப் பிடிப்பானோ என்று தினமும் ஒரு மூச்சு பயந்திருக்கிறாள். அவள் ஆசை வைத்திருந்த மனுஷனை, அவள் பயப்படுகிற பொருளாக மாற்றிவிட்டார்கள். ஆன்மா என்று ஒன்று இருக்கிறதா, செத்த பிறகு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அதைக் கெடுக்க முடியும் என்று தெரியும். உயிரோடு இருக்கும்போதே கெடுக்க முடியும்.

நான் சாமி இல்லை என்று சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்கு வருகிறேன், நீங்கள் பார்க்கிறீர்கள். அம்மன் இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தால், நாம் சொல்லப் பயப்படுகிற பதிலை அவள் வாயில் திணிப்பது அவளுக்கும் பிடிக்காது. அந்தப் பெண் காரியம் செய்யலாமா? செய்யலாம். அவள் தண்ணீரில் இறங்கலாமா? இறங்கலாம். இதைச் சொல்ல நம்மில் ஒரு ஆண்பிள்ளைக்கு வாய் வரவில்லை. அதனால் பாவாடை கட்டிய பிள்ளையின் கையைக் கேட்கிறோம். வெள்ளை வந்தால் நம் கவலை தீர்ந்தது. சிவப்பு வந்தால் அந்தப் பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும், நாம் வீட்டுக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை பூ கட்டுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். நேற்று நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று பேசவே எனக்கு வெகு நேரம் ஆனது. வியாழக்கிழமை காலையில் நான் உன்னோடு முகத்துவாரத்துக்கு வருகிறேன், காரியத்தை முடித்துவிடலாம், பிறகு நீ தொழிலுக்குப் போ என்றேன். அவள் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பெரிப்பா, பூ செவப்பா வந்தா?" என்றாள்.

"பூ இல்லம்மா" என்றேன்.

தர்ப்பை வாங்கி வைத்துவிட்டேன். படகுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆறு பேர் உட்காரலாம். எங்கள் மூன்று பேர் போக இன்னும் இடம் இருக்கிறது.

மாசி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.